புரிந்தால் ஒன்றை அழுத்தவும்

என் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். திட்டியும் இருப்பீர்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருங்கள்" என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்கிறவர்களின் காதில் தேன் வார்க்கிறவள் நான்தான். காத்திருந்து காது சூடானவர்கள் என் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசியிருப்பார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. திட்டுவது கம்பெனியை, குரல் மட்டும்தான் என்னுடையது என்று இருந்துவிட்டேன்.

என் ஸ்டூடியோ எங்கள் படுக்கையறைச் சுவர் அலமாரி. இரண்டு தட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே பழைய மெத்தையைக் கிழித்து ஒட்டி, ஒரு முக்காலியும் மைக்கும் போட்டுக் கொடுத்தவர் என் கணவர். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால் வேர்த்து ஊற்றும். குரல் மட்டும் ஏசி அறையிலிருந்து வருவது போல இருக்கும்.

ஒருமுறை அப்படிப் பேசி முடித்த கையோடு, "குக்கரை அணைங்களேன், காது போகுது!" என்று நான் கத்தியது வெட்டப்படாமல் அப்படியே கம்பெனிக்குப் போய்விட்டது. அந்த மழைக்காலம் முழுக்க, காத்திருந்த அத்தனை பேருக்கும் வணக்கம் சொன்ன பிறகு குக்கரை அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பெனியில் ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அங்கே யாரும் தங்கள் எண்ணையே அழைப்பதில்லை. அதிகாரிகள் வீட்டில் உடம்புக்கு வந்தால் அழைக்க வேறு எண் இருக்கிறது. அதை மனிதர்கள் எடுப்பார்கள்.

கண்டுபிடித்தது மாடியில் இருக்கும் என் நாத்தனார், என் கணவரின் அக்காதான். "உன் பொண்டாட்டி சமையல் லட்சணம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு" என்றார், அதுவும் என் கணவரிடம், என் காதில் விழுகிற மாதிரி.

எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாண நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்க, இது வாயை வித்தே பிழைக்கும்" என்று பந்தியில் வைத்துச் சொன்ன புண்ணியவதி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வேனில் குழந்தைகள் மூச்சு விடுவதற்குக் கூட அவரிடம் அனுமதி கேட்கும். நான் மனசுக்குள் வைத்த பெயர் சட்டாம்பிள்ளை. நேரில் அண்ணி. நடுவில் என் கணவர், மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு வாழ்ந்து வந்தார்.

போன வருஷம் சட்டம் மாறியது. அதுவரை பிரசவம், கர்ப்பப்பை, மார்பகம் எல்லாம் பொதுக் காப்பீட்டிலேயே அடக்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கட்டணம். புதிய சட்டம் அதையெல்லாம் வெட்டி வெளியே வைத்தது. வேண்டுமென்கிற பெண்கள் தனியாக வாங்கிக்கொள்ளலாமாம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தேர்வுச் சுதந்திரம்'. கர்ப்பப்பை என்னவோ ஆசைப்பட்டால் வண்டியில் மாட்டிக்கொள்கிற கூடுதல் விளக்கு மாதிரி.

சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவருக்கு மட்டும் மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும். ஏற்கெனவே காப்பீடு வைத்திருக்கும் பெண்கள், கெடு தேதிக்குள் போன் செய்து 'பழையபடியே வேண்டும்' என்று சொன்னால் போதும், எதுவும் போகாது. இந்த உரிமை இருப்பதைக் கம்பெனி, அழைக்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும். அதுவும் சட்டத்தில் இருந்தது.

சொன்னார்கள். என் வாயால் சொன்னார்கள். கம்பெனியில் இந்த வேலையைப் பார்க்கும் மேலாளர் எனக்கு அனுப்பிய வாசகம் இது: "மேற்படி திருத்தத்தின் பிரிவுகளுக்கு உட்பட்டு, முன்னர் நடைமுறையிலிருந்த உள்ளடக்கப் பலன்களின் தொடர்ச்சியைத் தக்கவைக்க விழையாதிருத்தலை விரும்பாத சந்தாதாரர்கள் ஐந்தை அழுத்தவும்." நான் நிறுத்தி நிதானமாகப் படித்துக் கொடுத்தேன். "அருமை மேடம், அருமை" என்றார் மேலாளர். பேச்சில் எப்போதும் இனிப்புச் சொட்டும். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் சர்க்கரை.

அண்ணிக்கு அப்போதே உதிரப்போக்கு ஆரம்பித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டுநர் இருக்கையில் பிளாஸ்டிக் விரிப்பும் அதன் மேல் கறுப்புத் துண்டும் போட்டு வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். கெடுவுக்கு முன்பே கம்பெனிக்குப் போன் செய்து, ஸ்கேன் எடுத்தால் காப்பீட்டில் வருமா என்று கேட்டிருக்கிறார். வரும் என்றார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. நல்லதா கெட்டதா என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், சீக்கிரம் எடுங்கள் என்றார் டாக்டர். மருத்துவமனையில் படுக்கையும் ஒதுக்கினார்கள். அதற்குள் கெடு முடிந்திருந்தது. ஆபரேஷனுக்குக் காப்பீடு இல்லை என்று கம்பெனி கையை விரித்தது. வேனை விற்றாலும் பாதிக்குக் காணாது.

அன்று மத்தியானம் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி, உனக்கு என் மேல அவ்வளவு வஞ்சமா?"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"கம்பெனிக்காரன், போன்ல உனக்குச் சொல்லியாச்சு, நீதான் எதையும் அமுக்கலைங்கிறான். யாரு சொன்னான்னு கேட்டா, ரெக்கார்டிங்ல சொல்லியிருக்கோம்ங்கிறான். ரெக்கார்டிங்னா நீதானே? குதிரைய வெரட்டுற மாதிரி கடகடன்னு ஏதோ சொன்னே. ஒரு எழவும் புரியலை. உன் குரல்னா எனக்கு ஏற்கெனவே ஆகாது, போனைக் காதுலேர்ந்து தள்ளி வெச்சுக்கிட்டேன்."

"கடகடன்னு நான் பேசவே இல்ல அண்ணி. நிறுத்தித்தான் பேசினேன்."

அவர் தன் போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மடித்த துணிகளின் மேல் வைத்தார். கெடு முடிந்த பிறகும் அந்த அறிவிப்பை அவர்கள் எடுத்திருக்கவில்லை. கேட்டால்தானே எடுக்கத் தோன்றும்.

முதலில் இசை. இசைக்கு அடியில் என் குரல். என் குரல்தான், ஆனால் எலி கீச்சிடுவது போல. நான் விட்ட இடைவெளிகளையெல்லாம் மிஷினில் வெட்டி, வேகத்தை முடுக்கி, மேளம் கொட்டுகிற இசைக்குக் கீழே புதைத்திருந்தார்கள். 'ஐந்தை' என்பது தும்மல் போலக் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் குரலை நான் விற்றேன், சரி. அதை வைத்து ஒருத்தியின் கழுத்தை அறுக்க நான் எப்போது விற்றேன்?

அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சரி, அதை விடு. நீயும் இதே கம்பெனிதானே? நீயாவது அஞ்சை அமுக்கினியா?"

நான் துணியைக் கீழே வைத்தேன். நான் அமுக்கவில்லை. அந்த வாசகத்தை வாயால் சொல்லிவிட்டு, குக்கரைப் பார்க்கப் போய்விட்டேன். அது எனக்கும்தான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. என் காப்பீட்டிலிருந்தும் எல்லாம் போயிருந்தது.

"நாசமாப் போச்சு. சொன்னவளுக்கே புரியலையாக்கும்" என்றார் அண்ணி. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மாலை வரை சேர்ந்து திட்டினோம். அண்ணிக்கு இத்தனை வசவு தெரியும் என்பது தெரியும், எனக்கும் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது. திட்டின வேகத்தில் அந்த அறிவிப்பை இன்னொரு போனில் பதிவு செய்து வைக்க இருவருக்கும் தோன்றவில்லை. மறுபடி அழைத்தபோது அது இல்லை. வெறும் இசைதான்.

எங்களைப் போல எத்தனை பேர் என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரிந்தது. பிரசவத்துக்கு வந்தவள், மார்பில் கட்டியோடு வந்தவள் என்று ஒவ்வொருத்தியிடமும் இதே கதை. கூடிப் புகார் கொடுத்தார்கள். அரசாங்கம் விசாரணை வைத்தது. 'எல்லோருக்கும் தெளிவாகச் சொன்னோம், புரியும்படி சொன்னோம்' என்றது கம்பெனி. அப்படியானால் சொன்னதைக் கொண்டுவந்து போட்டுக் காட்டுங்கள் என்றது விசாரணைக் குழு.

அடுத்த நாள் காலையில் சர்க்கரை என்னை அழைத்தார்.

"மேடம், உங்க குரல் இல்லாம எங்களுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ஒரு சின்ன வேலை. அதே அறிவிப்புதான். கொஞ்சம் எளிமையா எழுதியிருக்கோம். நல்லா நிதானமா, அன்பா படிச்சுக் குடுங்க."

"கெடுதான் முடிஞ்சு போச்சே சார்?"

"ஒரு ஃபைலுக்காக மேடம். விசாரணைல காட்டணும். பழசு கொஞ்சம் அவசரமா இருக்கு."

"அப்ப, அன்னிக்குப் போட்டது இதுதான்னு சொல்லுவீங்க?"

"குரல் உங்களோடது, விஷயமும் அதே விஷயம். இதுல பொய் எங்கே மேடம் இருக்கு?" சிரித்தார். "நீங்க நம்ம குடும்பத்து ஆள் மாதிரி."

என் குடும்பத்து ஆள் மாடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். நான் சர்க்கரையைவிட இனிப்பாக, "செஞ்சுடலாம் சார்" என்றேன்.

அண்ணியிடம் சொன்னபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார். "முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லாம, சரின்னியா? புத்தி கெட்டுப் போச்சா?"

"நான் மாட்டேன்னா இன்னொருத்தியை வெச்சு வாங்கிடுவான் அண்ணி. என்கிட்ட வந்திருக்கான். விடலாமா?"

என்ன செய்யப்போகிறேன் என்று விளக்கினேன். அண்ணி முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கணவருக்குத்தான் முகம் வெளுத்தது. "கேஸ் போடுவாங்க. இனிமே எவனும் உனக்கு வேலை தர மாட்டான். இந்த வீடே உன் குரல்லதான் பாதி ஓடுது" என்றார். உண்மைதான். ஆனால் அந்தக் கறுப்புத் துண்டை இப்போது துவைத்து மொட்டைமாடிக் கொடியில் தினமும் காயப்போடுகிறவள் நான். துவைத்த தண்ணீரின் நிறம் எனக்குத்தான் தெரியும்.

அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே கட்டிலில் அண்ணி காவல். குக்கர், காலிங்பெல், என் கணவர் எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தார். சர்க்கரை அனுப்பிய வாசகத்தை, தாலாட்டுப் பாடுகிறவளைப் போல அவ்வளவு அன்பாகப் படித்தேன். கடைசியில் நன்றி சொல்வதற்கு முன்னால், குரலின் இனிப்பு ஒரு துளியும் குறையாமல், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினேன்.

அனுப்பி வைத்த உடனே பதில் வந்தது: "சூப்பர் மேடம்! இதுதான் எங்களுக்கு வேணும்!" அறிவிப்பு ஓடி முடிய ஆகிற நேரம்கூட ஆகியிருக்கவில்லை. குக்கர் சத்தத்தைக் கேட்காத காது இதையும் கேட்கவில்லை. என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

விசாரணை நடந்த கூடத்தில் பெண்கள் நிரம்பி வழிந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் தலையாட்டும் மின்விசிறிகள், அவ்வப்போது ஊளையிடும் ஒலிபெருக்கி. ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றுகொண்டே ஆட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரு காதில் கருவி மாட்டியிருந்தார். எதிரே வக்கீலோடு, மடிப்புக் கலையாத சட்டையில், சர்க்கரை.

"கெடு தேதிக்கு முன்பு, அழைத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் இதைத்தான் போட்டோம், அம்மா" என்று சொல்லி, லேப்டாப்பை ஒலிபெருக்கியில் இணைத்தார். "மாதிரிக்கு ஆரம்பத்தை மட்டும் போடட்டுமா?"

"எனக்கு ஒரு காது மந்தம். சத்தத்தைக் கூட்டி முழுசா போடுங்க" என்றார் நீதிபதி.

என் குரல் கூடத்தை நிறைத்தது. அன்பான வாடிக்கையாளரே, சட்டம் மாறுகிறது, உங்கள் பிரசவத்துக்கும் கர்ப்பப்பைக்கும் மார்பகத்துக்குமான காப்பீடு தொடர வேண்டுமானால் ஐந்தை அழுத்துங்கள். பச்சைக் குழந்தைக்கும் புரியும். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு முன்வரிசையில் தலையில் முடியெல்லாம் கொட்டிப்போன ஒருத்தி, "நமக்குத்தான் காது கேக்காமப் போச்சோ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். தன்னையே சந்தேகப்பட்டுவிட்டாள், பாவி. அதைக் கேட்டபோது சர்க்கரையை அங்கேயே நாலு அறை அறையலாம் போல வந்தது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் ஊசி வந்தது.

"அன்பான வாடிக்கையாளரே, நீங்கள் இப்போது கேட்கும் இந்த அறிவிப்பு, கெடு முடிந்த பிறகு, விசாரணையில் காட்டுவதற்காகப் பதிவு செய்யப்படுகிறது. கெடுவுக்கு முன்பு உங்களுக்குப் போட்டது இது அல்ல. அது இப்படி இருந்தது."

பிறகு அந்த 'விழையாதிருத்தலை விரும்பாத' வாசகத்தை நானே மிஷினில் முடுக்கி, அதே எலிக்குரலில், அதே வேகத்தில் ஓட்டியிருந்தேன். கூடம் முழுவதும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தது. "இதுதான்! இதுதான்!" என்று கைக்குழந்தைக்காரி கத்தினாள். சர்க்கரையின் கை லேப்டாப்புக்குப் பாய்ந்தது.

"கையை எடுங்க" என்றார் நீதிபதி. "இன்னும் முடியலை."

"உங்களுக்குப் புரியவில்லையா? படித்த எனக்கும் புரியவில்லை. என் காப்பீடும் போய்விட்டது. உங்களுக்கு அனுப்புவதை இந்த நிறுவனத்தில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அதற்குச் சாட்சி. நன்றி. வணக்கம்."

வக்கீல் எழுந்து, இது ஜோடிக்கப்பட்டது, ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார்.

"ஆதாரம்னு கொண்டுவந்து கொடுத்ததே நீங்கதானே?" என்றார் நீதிபதி. பிறகு சர்க்கரையின் பக்கம் திரும்பினார். "கேட்டுப் பாத்துட்டுத்தானே கொண்டுவந்தீங்க?"

ஆமாம் என்றாலும் அடி, இல்லை என்றாலும் உதை. சர்க்கரை வாயைத் திறந்தார், மூடினார். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து இனிப்புக்கூட வராமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். கண் குளிரப் பார்த்தேன். அண்ணி விரலை மடித்து வாயில் வைத்து, வேனில் பையன்கள் குறும்பு செய்தால் அடிப்பாரே, அப்படி ஒரு விசில் அடித்தார். நீதிபதி கண்டிக்கவில்லை. காது கேட்கவில்லை போலிருக்கிறது.

தீர்ப்பு வந்தது. கெடுவுக்கு முன்பு அழைத்த எல்லாப் பெண்களுக்கும் பழைய காப்பீடு திரும்பக் கிடைக்க வேண்டும். கம்பெனி அதே எண்ணில் மன்னிப்புக் கேட்க வேண்டும். தெளிவாக, இசை இல்லாமல். அழைத்தவள் புரிந்தது என்று தெரிவிக்கும் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

அண்ணிக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டி கெட்டதுதான். பக்கத்து இடங்களுக்கும் கொஞ்சம் பரவியிருந்தது. "முன்னாடியே எடுத்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர், எங்கள் முகத்தைப் பார்க்காமல் கை கழுவிக்கொண்டே. இன்னும் மருந்து ஏற்ற வேண்டும். பலிக்குமா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள். படுக்கை கிடைத்த நாளுக்கும் கத்தி வைத்த நாளுக்கும் நடுவில் போன காலத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. வேனை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். அது தெருமுனையில் திரும்பும்போது அண்ணி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்கிறார்.

மன்னிப்பைப் படிக்க சர்க்கரை என்னைத்தான் கேட்டார். கேஸ் போடப்போவதாக மிரட்டிக்கொண்டிருந்த அதே வாயால் கேட்டார். "நீங்க படிச்சாத்தான் மேடம் ஜனங்க ஏத்துக்குவாங்க" என்றார்.

"தப்பு செஞ்ச வாயே கேக்கட்டும் சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வேறு யாரும் அதற்கு வாய் கொடுக்க முன்வரவில்லை. கடைசியில் அவரே படித்தார்.

எனக்கு வேலை போய்விட்டது. இப்போது ரயில் நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் சொல்கிறேன். பகலில் வீடு திரும்பியதும் மாடிக்குப் போவேன். அண்ணிக்குத் தலையில் ஒரு முடிகூட இல்லை, ஆனால் சட்டாம்பிள்ளைத்தனம் ஒரு மயிரிழையும் குறையவில்லை. தலையணையைச் சரி செய்யச் சொல்வார். பிறகு போனை என் கையில் கொடுப்பார்.

"போடுடி அவனுக்கு."

எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் வைப்பேன். இசை இல்லை. சர்க்கரையின் குரல், சர்க்கரை இல்லாமல் வரும். "உங்களை ஏமாற்றினோம். உங்கள் சிகிச்சையைத் தாமதப்படுத்தினோம். எங்களை மன்னியுங்கள். நான் சொன்னது புரிந்தால் ஒன்றை அழுத்தவும்." கொஞ்சம் இடைவெளி. மறுபடியும், "உங்களை ஏமாற்றினோம்."

அண்ணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் கஞ்சி ஆற்றிக் கொடுத்து, மாத்திரை கொடுத்து, துணியை மாற்றி விடுவேன். அது வரைக்கும் சர்க்கரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள், "எத்தனை தடவைதான் அண்ணி கேப்பீங்க? ஒண்ணை அமுக்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. போனை என் விரலுக்கு எட்டாமல் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"எனக்கு இன்னும் புரியலை" என்றார்.